வட்ஸ்அப் குழு மட்டும் போதாது: கல்லூரி வகுப்பை இணையத்தில் ஒழுங்காக நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, ஒப்படை கொடுக்கும் நாளை வெள்ளியிலிருந்து வியாழனுக்கு மாற்றி, வகுப்பு வட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, அன்று ஒரு மாணவிக்குப் பிறந்தநாள் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கேக், பலூன், பூங்கொத்து, அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ‘நன்றி’. விடிந்தபோது என் செய்தி நூற்றுச் சொச்சம் வாழ்த்துகளுக்கு மேலே எங்கோ கிடந்தது. ஆறு பேர் ஒப்படையை வெள்ளிக்கிழமைதான் கொண்டுவந்தார்கள். புள்ளி குறைக்க மனம் வரவில்லை. கல்யாணப் பந்தலில் அறிவித்தல் பலகையைத் தொங்கவிட்டவன் நான்தானே.

கொழும்பில் தமிழ் மொழிமூலம் மொழிபெயர்ப்பு டிப்ளோமா வகுப்பு எடுக்கிறேன். ஒரு பிரிவில் முப்பதிலிருந்து நாற்பது பேர். பாதிப் பேர் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறில் படிப்பவர்கள். கொட்டாஞ்சேனை, வத்தளை, தெஹிவளைப் பக்கம் வீடு. மற்றவர்கள் மட்டக்களப்பு, வவுனியா, ஹட்டனிலிருந்து வந்து வெள்ளவத்தையில் போர்டிங் இருப்பவர்கள். வாரத்தில் ஐந்து நாள் ஒருவரை ஒருவர் காணாத வகுப்பு இது. இணையம் இல்லாமல் நடத்த முடியாது. ஆனால் இணையத்தில் எதை எங்கே செய்வது என்று பிடிபட எனக்கு நான்கைந்து பிரிவுகள் ஆயின. அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். உங்கள் பாடம் கணக்கியலாக இருக்கலாம், தாதியியலாக இருக்கலாம். உதாரணங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

முதல் வகுப்பில் ஒரு தாள் கொடுத்து ஐந்து கேள்வி கேட்பேன். கூகுள் ஃபோர்ம் வேண்டாம். டேட்டா இல்லாதவர் யார் என்று அறிவதற்கு அவரையே டேட்டா செலவழிக்கச் சொல்வது சரியில்லை. கேள்விகள் இவை: லெப்டொப் இருக்கிறதா, போன் மட்டும்தானா? அந்த போன் உங்களுடையதா, வீட்டில் வேறு யாரும் பாவிக்கிறார்களா? டேட்டா கார்ட் மாதத்தில் ஏறத்தாழ எத்தனையாம் திகதி முடிகிறது? உங்கள் தொலைபேசி இலக்கத்தை மற்ற மாணவர்கள் பார்ப்பதில் சம்மதமா? தமிழில் எப்படித் தட்டச்சு செய்கிறீர்கள்?

மூன்றாவது கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். பதிலைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வராது. கடந்த பிரிவில் பாதிக்கு மேல் 20ஆம் திகதியை ஒட்டியே எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு மாதக் கடைசியில் வீடியோ லிங்க் போடுவதை விட்டுவிட்டேன். அந்த நாட்களுக்கு எழுத்துப் பாடம், சிறிய பிடிஎஃப், இரண்டு நிமிடக் குரல் பதிவு.

இதை நாடே ஒருமுறை பாடமாகப் படித்திருக்கிறது. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அவற்றின் கற்றல் தளங்களை டேட்டாக் கட்டணம் இல்லாமல் திறக்கத் தொலைபேசி நிறுவனங்கள் வழிவிட்டன. பெரிய உதவிதான். ஆனால் இலவசம் பல்கலைக்கழகத் தளத்தோடு நின்றது. அங்கே விரிவுரையாளர் ஒட்டிவைத்த யூடியூப் லிங்கை அழுத்தினால் ஓடியது மாணவரின் காசு. பாடத்தின் உள்ளடக்கத்தைத் தளத்துக்குள்ளேயே வைப்பதற்கும் வெளியே கைகாட்டி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் ரீலோட் கார்ட் வாங்கும் ஆளுக்குத்தான் தெரியும்.

ஒரு கருவிக்கு ஒரு வேலை

எனக்கு மூன்று கருவிகள் போதும். அறிவிக்க ஒன்று, வைக்க ஒன்று, செய்ய ஒன்று.

அறிவிக்க வட்ஸ்அப். கொழும்பில் மாணவர் காலையில் கண் விழித்ததும் பார்ப்பது அதைத்தான். அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. வைக்க, கல்லூரியில் மூடில் இருந்தால் மூடில். 2002இல் அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்ட கட்டற்ற கற்றல் மென்பொருள் அது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பரவலாக ஓடுகிறது. மூடில் இல்லாத சிறிய கல்லூரி என்றால் கூகுள் கிளாஸ்ரூம், அதுவும் வேண்டாம் என்றால் ட்ரைவில் ஒழுங்காகப் பெயரிட்ட ஒரு கோப்புறை. செய்ய, கூகுள் டொக்ஸ், ஷீட்ஸ் போல எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஆவணம். பேஸ்புக், யூடியூப் எல்லாம் தேவை வந்தால் மட்டும் நான்காவதாக. அதைப் பிறகு சொல்கிறேன்.

சக விரிவுரையாளர் ஒருவர் பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்தால் ஒரு புதுக் கருவியோடுதான் வருவார். நானும் அப்படித்தான் இருந்தேன். எட்மோடோ என்ற வகுப்பறைத் தளத்தில் இரண்டு வருடப் பாடம் ஏற்றிய ஆட்கள் 2022 செப்டெம்பரில் அது மூடப்பட்டபோது கையைப் பிசைந்தார்கள். கூகுள் தந்ததுதானே என்று ஜேம்போர்ட் என்ற இணைய வெண்பலகையில் வரைந்து வைத்தவர்களுக்கு 2024 முடிவோடு அதுவும் போனது. புதுக் கருவி ஒன்றைச் சேர்க்குமுன் என்னையே கேட்பது ஒரே ஒரு கேள்வி: இது நாளைக்கு மூடினால் என் மாணவர் எழுதியதை நான் எந்த வடிவத்தில் வெளியே எடுக்கலாம்? பதில் தெரியாவிட்டால் சேர்ப்பதில்லை.

வட்ஸ்அப்பை அடக்குவது

மாணவர்கள் தொடங்கிய குழுவில் நீங்கள் போய்ச் சேராதீர்கள். அது அவர்கள் வீடு. நீங்கள் தனியாக ஒன்று தொடங்குங்கள். அட்மின் மட்டும் செய்தி போடக்கூடியதாக அமைப்பில் மாற்றிவிடுங்கள். கேள்வி கேட்க இடம் வேண்டுமே என்றால் பக்கத்தில் இரண்டாவது குழு ஒன்று. வட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற வசதி இதற்குத் தோதானது: மேலே ஒரு அறிவிப்புக் குழு, கீழே பேசும் குழுக்கள். அறிவிப்புக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒருவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது, அட்மினுக்குத்தான் தெரியும்.

அந்த இலக்க விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். குழுவில் சேர்ந்த மறுநாளே முன்பின் தெரியாத வகுப்புத் தோழனிடமிருந்து ‘ஹாய்’ வருகிறது என்று ஒரு மாணவி என்னிடம் முறையிட்டிருக்கிறாள். அவளுடைய இலக்கத்தை முப்பத்தெட்டுப் பேருக்குக் கொடுத்தது யார்? அவளைக் கேட்காமல் குழுவில் சேர்த்த நான். அதனால்தான் முதல் நாள் தாளில் அந்த நாலாவது கேள்வி. சம்மதம் இல்லை என்று எழுதியவரை அறிவிப்புக் குழுவில் மட்டும் சேர்ப்பேன். பேசும் குழுவுக்கு வர விரும்பினால் அவராகவே வரட்டும்.

செய்தி போடும் முறைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். நான் ஒவ்வொரு அறிவித்தலுக்கும் இலக்கம் போடுகிறேன்: அறிவித்தல் 7, அறிவித்தல் 8. ஏழைப் பார்த்து ஒன்பதைப் பார்த்தவருக்கு எட்டு எங்கே என்ற கேள்வி தானாக வரும். ஒரு செய்தியில் ஒரு விஷயம். திகதியோடு கிழமையும். முக்கியமானதை மேலே குத்தி (pin) வைத்தால் 30 நாள் வரை அங்கேயே நிற்கும். இரவு எட்டு மணிக்குப் பிறகு போடுவதில்லை, பதிலும் சொல்வதில்லை. இந்தக் கடைசி விதியை முதலில் மீறுவது பெரும்பாலும் நாம்தான். பரீட்சைக்கு முதல்நாள் இரவு பத்தரைக்கு ‘சேர், ஒரு சின்ன டவுட்’ என்று வந்தால் விரல் தானாகப் போகும். போகவிடாதீர்கள். போனால் அடுத்த இரவு பதினைந்து பேர் வருவார்கள்.

ஒப்படையை வட்ஸ்அப்பில் வாங்கவே வேண்டாம். படமாக எடுத்து அனுப்பிய கையெழுத்துப் பக்கங்களை, பெயர் இல்லாத கோப்புகளாக, குடும்பப் படங்களுக்கு நடுவில் தேடி ஒரு தவணை முழுக்கப் புள்ளி போட்டிருக்கிறேன். என் பிள்ளையின் பல்லு விழுந்த படத்துக்குப் பக்கத்தில் ஒருவரின் சட்ட மொழிபெயர்ப்பு.

பகிர்ந்த ஆவணம்: வேலை நடக்கும் இடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள். குழுவாக ஒப்படை கொடுத்தால் பழைய முறையில் என்ன நடக்கும்? நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் எழுதுவார், ஒருவர் பிரிண்ட் எடுப்பார், ஒருவர் ஸ்பைரல் கட்டுவார், நாலாமவர் முன் அட்டையில் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார். நம் கைக்கு வருவது முடிந்த பொருள். அது எப்படி உருவானது என்று தெரிய வழியே இல்லை. பகிர்ந்த ஆவணத்தில் அந்த வழி திறக்கிறது.

முதல் பயிற்சியை வகுப்பறையிலேயே, நீங்கள் நிற்கும்போதே செய்யுங்கள். இருபது நிமிடம் போதும். நான்கு பேருக்கு ஒரு ஆவணம். ஆங்கிலத்தில் ஒரு பந்தி, அதன் கீழே வெற்றிடம். நாலு பேரும் தங்கள் போனில் திறக்கிறார்கள். நாலு நிறத்தில் நாலு கோடுகள் துடிக்கத் தொடங்கும். அந்த இருபது நிமிடம் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. கடந்த வருடம் ஒரு குழுவில் பச்சைக் கோடு ‘அரசாங்கம் தீர்மானித்தது’ என்று எழுதியது. ஊதா நிறம் வந்து அதை அழித்து ‘அரசு தீர்மானித்துள்ளது’ என்றது. பச்சை திரும்ப வந்து ‘ஏன்?’ என்று பக்கத்தில் கருத்துப் போட்டது. அரசும் அரசாங்கமும் ஒன்றா என்று இரண்டு பேரும் எழுத்திலேயே சண்டை போட்டார்கள். ஊதா யார் என்று பார்த்தேன்: வகுப்பில் நான் பெயர் கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்கும் பெண். வாய் திறந்து அந்தத் திருத்தத்தை அவள் ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டாள்.

சரி, அமைக்கும் முறை. ஆவணத்தை நீங்கள் உருவாக்குங்கள். உரிமை உங்கள் கணக்கில் இருக்கட்டும். ‘லிங்க் உள்ள எவரும் எழுதலாம்’ என்று திறந்துவிடாதீர்கள். அப்படித் திறந்தால் கூகுள் கணக்கில் நுழையாமல் வருபவர்களுக்கு அது ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரைக் கொடுத்துவிடும். என் முதல் பிரிவில் மிகச் சிறந்த வாக்கியத்தை எழுதியது பெயரில்லாத ஒரு கேபிபரா. இன்றுவரை யாரும் உரிமை கோரவில்லை. எல்லோரும் உரிமை கோரினார்கள் என்றும் சொல்லலாம். ஒவ்வொரு மாணவரின் மின்னஞ்சலையும் சேர்த்துத்தான் பகிர வேண்டும். அனுமதியில் மூன்று நிலை உண்டு: பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, எழுத. தங்கள் குழுவின் ஆவணத்தில் எழுதும் அனுமதி, அடுத்த குழுவின் ஆவணத்தில் கருத்துச் சொல்லும் அனுமதி. இந்தக் குறுக்கு ஏற்பாடு ஒன்றுதான் என் வகுப்பின் தரத்தை உயர்த்தியது என்று நான் நினைக்கிறேன். நான் வாசிப்பேன் என்பதைவிடப் பக்கத்துக் குழு வாசிக்கும் என்பதற்கு மாணவர் அதிகம் பயப்படுகிறார்கள்.

திருத்தும்போது நேரடியாக அழிக்காமல் பரிந்துரை முறையில் திருத்தச் சொல்லுங்கள். பழைய சொல் கோடு அடிபட்டு நிற்கும், புதுச் சொல் நிறத்தில் வரும். ஏற்பதா தள்ளுவதா என்று எழுதியவர் முடிவு செய்வார். நானும் அதே முறையில்தான் திருத்துகிறேன். என் திருத்தத்தையே சில சமயம் தள்ளிவிடுகிறார்கள், காரணம் எழுதி. அந்தக் காரணங்களை வாசிப்பது எனக்குப் பிடித்த வேலை.

இப்போது பாமினி. இலங்கையில் தமிழ் எழுத்தோடு புழங்குபவர்களுக்கு இந்தப் பெயர் சொன்னாலே போதும். கொமினிகேஷன் கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கிய பக்கம் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதைக் கொண்டுவந்து டொக்ஸில் ஒட்டினால் தமிழ் போய் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு கந்தல் வரும். ஏனென்றால் அந்த எழுத்துருவில் தமிழ் உருவம் ஆங்கில விசைகளின் மேல் போர்த்திய முகமூடி. முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். மாற்றித் தரும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். முதல் கிழமையிலேயே எல்லோரையும் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். போனில் ஜிபோர்ட் என்ற கூகுள் விசைப்பலகையைப் போட்டுத் தமிழ் சேர்த்தால் காரியம் முடிந்தது. விரலில் வேகம் இல்லாதவருக்கு அதிலேயே குரல் தட்டச்சு உண்டு. மொழிப் பட்டியலில் தமிழுக்குள் இலங்கை என்றும் ஒரு தெரிவு இருக்கிறது. நம் பேச்சை ஓரளவு பிடிக்கிறது. நிறுத்தற்குறி போடாது, அதை மாணவரே போடட்டும், பயிற்சியும் ஆச்சு.

வரலாற்றைப் பார்த்துப் புள்ளி போடுவது

ஆவணத்தைக் கணினியில் திறந்தால் அதன் பழைய வடிவங்கள் எல்லாம், அதாவது அதன் வரலாறு, வரிசையாக இருக்கும். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை எழுதினார், எதை அழித்தார் என்று நிறத்தில் காட்டும். முதன்முதலில் பார்த்தபோது துப்பறியும் ஆள் போல உட்கார்ந்து இரவு முழுக்கப் பார்த்தேன். ஒரு குழுவில் மூன்று நிறம்தான் இருந்தது. நாலாவது மாணவியின் பெயர் மருந்துக்கும் இல்லை. மறுநாள் கூப்பிட்டுக் கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன்.

அவள் போனின் திரை உடைந்து, கீழ்ப்பாதி தொடுகைக்கு வேலை செய்யவில்லை. விசைப்பலகை வருவது அந்தக் கீழ்ப்பாதியில். அதனால் போர்டிங் அறையில் மற்றவள் தட்டச்சு செய்ய, இவள் பக்கத்தில் கட்டிலில் இருந்துகொண்டு வாக்கியம் வாக்கியமாகச் சொல்லியிருக்கிறாள். ஆவணத்தில் பாதிக்குமேல் அவள் வாக்கியங்கள். தட்டச்சு செய்தவளும் வந்து அதையே சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து, வரலாற்றைப் பார்க்குமுன் ஆளைக் கேட்கிறேன்.

இப்போது நான் செய்வது இப்படி. குழுப் படைப்புக்குப் பாதிப் புள்ளி, எல்லோருக்கும் ஒன்றே. மிச்சப் பாதி தனியாள் பங்குக்கு: அதில் ஆவணத்தில் எழுதியது, மற்றக் குழுவுக்குச் சொன்ன கருத்து, அப்புறம் ஒவ்வொருவரும் தனியாக எனக்கு எழுதும் அரைப் பக்க வேலைக் குறிப்பு. ‘நான் செய்தது, மற்றவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, நாங்கள் தடுமாறிய இடம்’ என்று மூன்றே விஷயம். குறிப்பும் வரலாறும் ஒத்துப்போனால் புள்ளி. ஒத்துப்போகாவிட்டால் பேச்சு. எப்படிப் பிரிக்கிறேன் என்பதை ஒப்படை கொடுக்கும் அன்றே ஆவணத்தின் தலையில் எழுதிவிடுவேன்.

இயந்திரம் எழுதிய மொழிபெயர்ப்பைக் கண்டுபிடிப்பதற்கும் இது உதவுகிறது. இரண்டு பக்கம் ஒரே நொடியில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்து விழுந்தால் அது எங்கிருந்தோ ஒட்டியது. அதற்காகத் தண்டிப்பதில்லை. ‘இதில் மூன்று வாக்கியத்தை ஏன் இப்படி வைத்தாய் என்று கருத்தில் எழுது’ என்பேன். எழுத முடிந்தால் இயந்திரத்தை நன்றாகப் பாவித்திருக்கிறான்.

கேள்வி நன்றாக இருந்தால்தான் உரையாடல்

‘இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்று போட்டுப் பாருங்கள். ‘அருமை சேர்’, ஒரு கைகூப்பும் படம், அப்புறம் மௌனம். இணையத்தில் பேச வைக்க வேண்டுமென்றால், அவரவர் நடந்துபோகும் வழியில் அவரவர் கண்ணால் கண்டதைக் கேட்க வேண்டும்.

என் வகுப்பில் நடப்பது பலகை வேட்டை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 1991இன் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்தது. சட்டம் இப்படி. பலகைகளில் தமிழ் என்ன பாடுபடுகிறது என்பதைக் கொழும்பில் பஸ் ஏறும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு கிழமையில் மூன்று பொதுப் பலகையைப் படம் எடுத்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு கூகுள் ஷீட்டில் பதிய வேண்டும். நிரல்கள்: இடம், திகதி, சிங்களத்தில் என்ன, தமிழில் என்ன, ஆங்கிலத்தில் என்ன, பிழை எந்த வகை, சரியான வடிவம், ஏன்.

இந்த ‘ஏன்’ நிரலில்தான் பாடம் முழுக்க நடக்கிறது. ஒருவர் கொண்டுவந்த பலகையில் எழுத்துப் பிழை ஒன்றுமே இல்லை. ‘அனுமதி’ பெரிய எழுத்தில் முதல் வரி; இடம் போதாமல் ‘இல்லை’ கீழே மூலையில் சின்னதாக, பாதி தூணுக்குப் பின்னால். இது மொழிபெயர்ப்புப் பிழையா, பெயின்ட் அடித்தவர் பிழையா? அந்த ஒரு கலத்தில் பதினேழு கருத்து விழுந்தது. புள்ளி விட்டுப்போன எழுத்துகளைத் தனியாக வடிகட்டிப் பார்த்த இன்னொரு மாணவர், பல பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது உதிர்ந்தவையாக இருக்கலாம் என்று எழுதினார். பாமினியால் பட்ட பாடு வீண்போகவில்லை.

ஷீட்டில் சில முன்னேற்பாடு செய்துகொள்ளுங்கள். பிழை வகைக்குத் தெரிவுப் பட்டியல் வையுங்கள், இல்லாவிட்டால் ‘எழுத்துப்பிழை’, ‘எழுத்துப் பிழை’, ‘ஸ்பெல்லிங்’ என்று மூன்று வகை முளைக்கும். தலைப்பு வரியைப் பூட்டிவிடுங்கள். ஒரே நாளில் நாற்பது பேர் எழுதினால் யாராவது யாருடைய வரியையாவது அழிப்பார்கள். பயப்பட வேண்டாம், வரலாறு இருக்கிறது, மீட்கலாம். எனக்கு முதல் முறை நெஞ்சு அடைத்தது.

முடிவில் குழுவுக்கு ஒரு பலகையைத் தெரிந்து, பொறுப்பான அலுவலகத்துக்கு மரியாதையான கடிதம் ஒன்றைப் பகிர்ந்த ஆவணத்தில் எழுதுகிறார்கள். முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு இருப்பதால் பிரதி அங்கேயும் போகலாம். பலகை மாறுகிறதோ இல்லையோ, முறைப்படி கடிதம் எழுதத் தெரிந்துகொள்கிறார்கள்.

எது பொதுவெளிக்குப் போகலாம்

பலகைப் படங்களை உடனே பேஸ்புக்கில் போட மாணவருக்குக் கை துறுதுறுக்கும். லைக் அள்ளும் என்பது எனக்கும் தெரியும். கொஞ்சம் பொறுக்க வேண்டிய இடம் இது. சின்னப் பெட்டிக்கடைக்காரர் தன் கையால் எழுதிய பலகையைச் சிரிப்புக்கு வைப்பதில்லை. அரச, பொது நிறுவனப் பலகைகள் மட்டும். ஆட்களின் முகமும் வாகன இலக்கமும் படத்தில் இருந்தால் வெட்ட வேண்டும். மாணவரின் சொந்தக் கணக்கிலிருந்து போடும்படி கேட்கவே கூடாது. வகுப்புக்கென்று ஒரு பக்கம் திறந்து, இரண்டு மாணவர்களும் நானும் பார்த்த பிறகு அதிலிருந்து போகிறது. பெயர் வர வேண்டாம் என்றவருடைய பெயர் வராது. அதற்காகப் புள்ளி குறையாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2022இலும் இணையப் பாதுகாப்புக்கு 2024இலும் இங்கே சட்டங்கள் வந்திருக்கின்றன. மாணவரின் பெயர், முகம், இலக்கம் நம் கையில் இருக்கும்போது அவற்றை நினைவில் வைப்பது நல்லது.

என் சொந்த பேஸ்புக் கணக்கில் படித்துக்கொண்டிருக்கும் மாணவரை நண்பராகச் சேர்ப்பதில்லை. டிப்ளோமா முடித்த பிறகு வரட்டும். கோபிக்கிறார்கள்தான்.

லைக் தேடாமல் பொதுவெளியில் எழுதிப் பழக இன்னொரு இடம் இருக்கிறது: தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கியது, அதைக் கட்டி எழுப்பியதில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதனுடைய பங்கு பெரியது. கணக்குத் திறந்ததும் கட்டுரையில் கை வைக்காமல், மணல்தொட்டி என்று அவர்கள் வைத்திருக்கும் பயிற்சிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆதாரத்துக்கு 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் தளம் இருக்கிறது; கொழும்பில் இருந்துகொண்டே பழைய பத்திரிகையைப் புரட்டலாம். முகம் தெரியாத ஒருவர் வந்து, ஆதாரம் இல்லை என்று மாணவரின் வரியை நீக்குவார். என்னிடம் முறையிட வருவார்கள். பேச்சுப் பக்கத்தில் போய் அவரிடமே கேள் என்று அனுப்பிவிடுவேன்.

யூடியூப்பில் விரிவுரை ஏற்றினால் பட்டியலிடாத வகையில் ஏற்றுங்கள்; லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். வேறு சொல்ல இல்லை.

கரண்ட் போனால், தடை வந்தால்

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அதே வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் பல மணிநேரம் முடக்கப்பட்டன. அதற்கு முன்னர் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் நாட்கணக்கில் முடக்கம். வட்ஸ்அப்பை மட்டும் நம்பிய வகுப்பு அந்த நாட்களில் ஊமையாகிவிடும்.

அதனால் முதல் கிழமையிலேயே ஒரு மாற்று வழி. வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஐந்து பேருக்கு ஒருவர் பொறுப்பு. நான் பொறுப்பானவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவேன், அவர்கள் தங்கள் நாலு பேருக்கு. தவணையில் ஒருமுறை ஒத்திகையும் பார்க்கிறோம். முதல் ஒத்திகையில் செய்தி எல்லோரையும் அடைய மூன்று மணித்தியாலம் எடுத்தது, ஏனென்றால் ஒரு பொறுப்பாளரின் போனில் எஸ்எம்எஸ் அனுப்பக் காசு இல்லை. இப்போது அதையும் கேட்டுத்தான் தெரிவு செய்கிறேன். ஆவணங்களைப் போனில் இணையம் இல்லாமலும் திறக்கக்கூடியதாகக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எழுதியது இணைப்பு வந்ததும் தானாகப் போய்ச் சேரும். ஒப்படைக்கு நேரம் குறிக்கும்போது இரவு பன்னிரண்டு மணி என்று வைக்காமல் மறுநாள் மதியம் என்று வைத்தால், கரண்ட் போனவருக்கும் போர்டிங் அம்மா லைட்டை அணைத்தவருக்கும் ஒரு காலை கிடைக்கும்.

தவணை முடிவில்

கடைசி வகுப்புக்குப் பிறகு இரண்டு கிழமை அவகாசம் கொடுங்கள். மாணவர் தங்கள் வேலையைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளட்டும். வேலை தேடும்போது காட்ட உதவும். நீங்கள் ஒரு பிரதி எடுத்துக் கல்லூரிக் கணினியிலும் ஒன்று வெளியே ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். பிறகு எல்லா ஆவணத்திலும் எழுதும் அனுமதியைப் பார்க்கும் அனுமதியாக மாற்றுங்கள். மாணவர் இலக்கங்கள் உள்ள தாளைக் கிழித்துவிடுங்கள். அறிவிப்புக் குழுவில் கடைசி அறிவித்தலைப் போட்டு, எல்லோரையும் நீக்கி, குழுவை மூடுங்கள்.

கடந்த பிரிவின் கடைசி அறிவித்தல் இலக்கம் 31. அதைப் போட்டு மூடிய அன்றிரவே அவர்கள் தங்களுக்கென்று வேறு குழு தொடங்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஊதா நிறத்துக்காரிதான் அட்மினாம்.